பஸ் காசும் பேர்க் காசும்: கடிதமும் பதிலும்

வணக்கம் டீச்சர்,

உங்கள் பக்கத்தை நீண்ட நாளாக வாசிக்கிறேன். நான் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். இளவயதில் கொழும்புக்கு வந்து கடையில் நின்றேன், பிறகு சொந்தமாகக் கடை போட்டேன், இப்போது வத்தளையில் இருக்கிறேன். இயலாமையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக நீங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய அமைப்பின் 2025ஆம் வருடக் கணக்கை இங்கே போட்டிருந்தீர்கள். மறைக்காமல் போட்டதற்கு நன்றி. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செலவில் பாதிக்கு மேல் பஸ் காசு, ஆட்டோக் காசு, அப்புறம் "தாய்மாருக்குப் பேர்க் காசு". அதற்கு அடுத்து கூட்டத்துக்குத் தேத்தண்ணியும் பணிஸும். சக்கர நாற்காலி என்று ஒரு வரிகூட இல்லை. எத்தனை பிள்ளை நடந்தது, எத்தனை பிள்ளை பேசியது என்றும் இல்லை. ஒரு படம் கிடையாது. காசு கொடுக்கிறவன் எதைப் பார்த்துக் கொடுப்பான்? சம்பளம் கொடுப்பது தோட்டத்தின் வேலை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அரசாங்கத்தின் வேலை. புயலில் இவ்வளவு சனம் எல்லாவற்றையும் இழந்து நிற்கிற வருஷத்தில் இப்படிச் சில்லறையாகச் செலவழிக்கலாமா?

என் அம்மாவின் வருஷத் திதி வருகிறது. அவர் பெயரில் பத்துச் சக்கர நாற்காலி தர நினைக்கிறேன். தோட்டத்தில் ஒரு சின்ன விழா வைத்துக் கொடுக்கலாம். வாங்கி அனுப்பவா?

ஒரு பழைய தோட்டத்துப் பையன்,
வத்தளை

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் சூடாகத்தான் இருந்தது, பரவாயில்லை. கணக்கைப் போட்டால் யாராவது கேட்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எதற்குப் போடுவது? உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியை வேறு சிலரும் நேரிலும் ஃபோனிலும் கேட்டுவிட்டார்கள்.

முதலில் பேர்க் காசு. உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலைக்குப் போனால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், ஒரு பேர் விழும், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், போகாவிட்டால் ஒன்றுமில்லை. 2025 முழுக்க ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய். பிள்ளைக்கு ஃபிட்ஸ், அதாவது வலிப்பு, வந்தது, கிளினிக் இருந்தது, இதெல்லாம் செக்ரோலுக்குத் தெரியாது.

இப்போது ஒரு கிளினிக் நாளைப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கமே வைத்துக்கொள்வோம். மேல் டிவிசனில் ஒரு லயம் (ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை, அதன் அறையைக் காம்பிரா என்போம்), பிள்ளைக்கு ஒன்பது வயது, மூளைவாதம், கிளினிக் கொப்பியில் செரிபிரல் பால்சி என்று எழுதியிருக்கும், கழுத்து நிற்காது, ஃபிட்ஸும் உண்டு. கிளினிக் பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரியில். டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய ஆஸ்பத்திரி 2017இல் திறந்த பிறகு பல விஷயத்துக்குக் கண்டிப் பக்கம் ஓடுவது குறைந்திருக்கிறது என்பது உண்மை, ஆனால் இந்த மாதிரிப் பிள்ளைகளை விசேட டொக்டரிடம் காட்ட இன்னும் பேராதனைக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. விடிய முதல் எழும்பி, பிள்ளையைத் துடைத்து உடுப்பு மாற்றி, கம்பளியில் சுற்றி, டோர்ச் வெளிச்சத்தில் படி இறங்கி ரோட்டுக்கு வரவேண்டும். முதல் பஸ் நோர்வூட், டிக்கோயா என்று ஹட்டனுக்கு வரும். அங்கிருந்து கண்டி பஸ், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனையில் இறக்கம். கழுத்து நிற்காத ஒன்பது வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் ஒரு ஆளால் முடியாது, ஒருவர் தலையைப் பிடிக்கவேண்டும், மற்றவர் பையையும் கம்பியையும் பிடிக்கவேண்டும். ஆக இரண்டு பேர் போகவேண்டும். அந்த இரண்டாவது ஆள் புருஷனாக இருந்தாலும் சரி, நாத்தனாராக இருந்தாலும் சரி, அவருக்கும் அன்றைக்குப் பேர் இல்லை. 2700 ரூபாய் போய்விட்டது, பஸ்ஸில் இன்னும் ஏறவேயில்லை.

திரும்பி ஹட்டனுக்கு வரும்போது மேல் டிவிசனுக்கான கடைசி பஸ் போயிருக்கும். அப்புறம் ஆட்டோதான். மழையில், இருட்டிய பிறகு, அந்த ரோட்டில் ஏற ஆட்டோக்காரர் என்ன கேட்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, ரோடு அப்படி.

இதை மாதம் ஒரு தடவை செய்யச் சொன்னால் ஒரு தாய் என்ன செய்வாள்? இரண்டு மாதம் போவாள். மூன்றாவது மாதம் கொழுந்து நன்றாக வந்திருக்கும், அடகில் இருக்கிற காதுத் தோட்டை மீட்கவேண்டியிருக்கும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிடுவாள். ஃபிட்ஸ் குளிசை முடியும். அந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் முன்பைவிட மோசமாக, விடாமல் வரலாம். வந்தால் அம்பியூலன்ஸ், வார்ட், ஒரு வாரம். ஒரு பேரை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வாரப் பேர் போய்விடும். வார்டில் ஏன் கிளினிக் வரவில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்பார்கள், அதுவும் பெரும்பாலும் அவளுக்குப் பாதி விளங்கும் பாஷையில். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். தோட்டத்துச் சனத்துக்கு அக்கறையில்லை என்று கொப்பியில் யாரும் எழுதமாட்டார்கள், ஆனால் அப்படி நினைத்துக்கொள்வார்கள். சும்மா சொல்லவில்லை, நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

நாங்கள் கொடுத்தது தாயின் ஒரு நாள் பேர், கூடப் போகிறவரின் ஒரு நாள் பேர், பஸ் காசு, இருட்டினால் ஆட்டோ. அதனால் என்ன நடந்தது என்றால் குளிசை நிற்கவில்லை, வார்டில் படுக்கவில்லை. நடக்காமல் போன ஒன்றைக் கணக்கில் எந்த வரியில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

இதற்குமேல் இன்னொன்று இருக்கிறது, எனக்கு இந்த வருஷத்தில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். கணக்கில் "பார்த்துக்கொள்பவருக்கு" என்று ஒரு சின்ன வரி இருக்கிறதே, அதை நீங்கள் கேட்கவேயில்லை. ஒரு வீட்டில் பதினொரு வயதுப் பையன், உட்கார முடியாது, எல்லாம் படுக்கையில். அப்பா அம்மா இரண்டு பேரும் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அப்பாயி இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார், அவர் காலமானதும் பையனை யார் பார்ப்பது? பிள்ளைக் காம்பிராவில் எடுக்கமாட்டார்கள், அது சின்னப் பிள்ளைகளுக்கான இடம், ஆயம்மாவால் பதினொரு வயதுப் பையனைத் தூக்கித் துணி மாற்றவும் முடியாது. வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற அக்கா. அவ்வளவுதான், கொப்பியை மூடியாயிற்று. பதினாறு வயதுவரை பிள்ளை பள்ளிக்கூடம் போயே ஆகவேண்டும் என்று நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டுக் காம்பிராவுக்குள் அன்றைக்கு அந்தச் சட்டம் வந்து என்ன செய்யும்? பள்ளிக்கூடத்தில் அவளுடைய பெயருக்கு நேரே வரவில்லை, வரவில்லை என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கு எந்த இயலாமையும் இல்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை, பிரதேச செயலகத்துப் பட்டியலிலும் இல்லை, எங்கள் பட்டியலிலும் முதலில் இல்லை. அதே லயத்தில், வயதாகி வேலையிலிருந்து நின்ற ஒரு அம்மாவைப் பிடித்து, மாதம் இவ்வளவு என்று பேசி, காலையிலிருந்து பள்ளிக்கூடம் விடும்வரை பையனைப் பார்த்துக்கொள்ள வைத்தோம். அந்த அம்மாவுக்கு வெற்றிலைக் காசு ஆயிற்று, பையனுக்குக் கதை சொல்ல ஒரு ஆள் ஆயிற்று, அக்கா திரும்பப் பள்ளிக்கூடம் போனாள். நடுவில் விட்ட கணக்குப் பாடத்தைப் பிடிக்க இப்போது திண்டாடிக்கொண்டிருக்கிறாள், அது வேறு கதை.

நீங்கள் பிள்ளைகளின் பக்கமிருந்து கணக்கைப் பார்த்தீர்கள், நாங்கள் வீட்டின் பக்கமிருந்து செலவழித்தோம். ஒரு காம்பிராவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதலில் போவது தாயின் பேர், அடுத்தது அக்கா தங்கச்சியின் படிப்பு, அப்புறம் சில வீடுகளில் அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்கென்று போகிறார், முதலில் மாதம் தவறாமல் காசு வரும், பிறகு தீபாவளிக்கு மட்டும் வரும், பிறகு அதுவும் இல்லை. வீடு இப்படிக் கழன்றுகொண்டு போகும்போது பிள்ளைக்கு மட்டும் ஒரு நல்ல பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்தப் பொருளை எடுத்துப் பாவிக்க அங்கே ஆள் இருக்காது.

எத்தனை பிள்ளை நடந்தது? இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். மூளைவாதம் என்பது மூளை வளரும் காலத்தில் பட்ட அடி. பிறக்கும்போது மூச்சுத் திணறியிருக்கலாம், மாதம் நிறையாமல் பிறந்திருக்கலாம், பிறந்த கையோடு வந்த மஞ்சள் காமாலை முற்றியிருக்கலாம், சில பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. அந்த அடி நாளாக நாளாகக் கூடுவதில்லை, ஆனால் அழிந்துபோவதும் இல்லை. சில பிள்ளைகள் பயிற்சியோடு நடப்பார்கள், சிலர் எவ்வளவு செய்தாலும் நடக்கமாட்டார்கள். நடக்காத பிள்ளைக்கும் செய்ய நிறைய இருக்கிறது. கை கால் மூட்டு மடங்கி இறுகிவிடாமல் பார்ப்பது, நிமிர்த்தி உட்காரவைப்பது, வேண்டும் வேண்டாம் என்பதைக் கண்ணாலாவது சொல்லப் பழக்குவது, முக்கியமாகச் சாப்பாடு.

சாப்பாடு என்று சொன்னதும் பணிஸ் செலவுக்கு வருகிறேன்.

தாய்மார் கூட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மடத்தில் நடக்கிறது. அங்கே ஒருத்தி தன் பையனுக்கு அடிக்கடி சளி, நெஞ்சில் கபம், மூன்று தடவை வார்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், எப்படி ஊட்டுறே? மடியில் மல்லாத்திப் போட்டு, தலையைப் பின்னால சாய்ச்சு, கஞ்சியை ஊத்துவேன். அப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள், கைக்குழந்தைக்குப் பாலாடையில் பால் ஊட்டிய பழக்கம். விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு அப்படி ஊற்றினால் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் போகும், அதுதான் அந்தச் சளி. மற்றவள் பேராதனையில் தனக்குக் காட்டிக்கொடுத்ததை அங்கேயே செய்து காட்டினாள். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, நாடி கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரித் தலையைப் பிடித்து, கஞ்சியைத் தண்ணியாக இல்லாமல் கொஞ்சம் கட்டியாக, கரண்டியை முன்னாலிருந்து கொண்டுவந்து, ஒன்று விழுங்கிய பிறகு அடுத்தது. நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்கு அவள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, பிந்தினால் என்ன ஆகும் என்பதையும் அதே கூட்டத்தில்தான் பேசினோம். அந்தத் தாயிடம் அதே விஷயத்தை ஆஸ்பத்திரியிலும் சொல்லித்தான் இருந்தார்கள், அவசரத்தில், சிங்களத்தில், காகிதத்தில். இவள் சொன்னபோதுதான் ஏறியது. ஒரு பணிஸும் ஒரு தேத்தண்ணியும் எவ்வளவு அண்ணன்?

கூட்டத்தில் வேறு விஷயங்களும் வரும். கோடாங்கி பார்த்தது, கிரகணத்தில் வெளியே வந்தது, மாமியார் சொன்ன சாபம், இவளுடைய வயிற்றில்தான் குறை என்று புருஷன் வீட்டார் பேசியது. நேர்த்தி வைப்பதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, நானும் மாரியம்மனுக்கு வைக்கிறவள்தான். ஆனால் தாயைக் குற்றவாளியாக்குகிற பேச்சை அங்கே உடனே நிறுத்திவிடுவோம், அதில் நான் கொஞ்சம் கடுமையான ஆள்.

இனி சக்கர நாற்காலி. நான் அதற்கு எதிரி இல்லை. பொருத்தமான கதிரை கிடைத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் லயத்தை நினைத்துப் பாருங்கள். காம்பிராவுக்கு வெளியே இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, இஸ்தோப்புக்கு வெளியே தண்ணி ஓடுகிற கான், கானுக்கு மேலே ஒரு பலகை, அதற்குப் பிறகு படிக்கட்டு, படிக்கட்டு முடிந்தால் கல் ரோடு. அதில் எந்தச் சக்கரம் உருளும்? சில வருஷத்துக்கு முன் வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து, மேடை போட்டு, மாலை போட்டு, மடிக்கிற மாதிரியான ஆஸ்பத்திரி நாற்காலிகளைக் கொடுத்துவிட்டுப் போனது. எல்லாம் பெரிய ஆள் உட்காருகிற ஒரே அளவு. கழுத்து நிற்காத பிள்ளையை அதில் வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும், அப்படியே வைத்திருந்தால் முதுகு வளையும், புண் வரும். அதில் ஒன்று இப்போதும் எனக்குத் தெரிந்த ஒரு இஸ்தோப்பில் நிற்கிறது, விறகு அடுக்கியிருக்கிறார்கள். நாற்காலி ஆளுக்கு அளவெடுத்து, இடத்துக்குப் பொருந்த, பிறகு திருத்தவும் ஆள் இருக்கிற விதமாகக் கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டி போட்டிருக்கிறது, எங்களைப் போன்ற வசதி குறைந்த இடங்களுக்கென்றே போட்டது. மேடை போட்டவர்கள் அதை வாசித்ததாகத் தெரியவில்லை.

லயத்துக்குள் உருப்படியாக உதவுவது நகராத கதிரைதான், மூலையில் சாய்த்து வைக்கிற மாதிரி, இரண்டு பக்கமும் அணை வைத்து, முன்னால் சின்ன மேசைப் பலகையோடு. தோட்டத்து ஆசாரியே செய்வார். முன்பு தேயிலைப் பெட்டி இருந்த காலத்தில் பலகைக்குப் பஞ்சமில்லை, இப்போது தேயிலை காகிதச் சாக்கில் போகிறது, பலகை விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும். சிம்பாப்வேயில் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது, பழைய அட்டைப் பெட்டியையும் காகிதத்தையும் மாப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, பிள்ளையின் அளவுக்கே கதிரை செய்வது, காய்ந்தால் பலகையின் பலம் வரும். அதையும் பார்த்தோம். எங்கள் ஊர் மழைக்கு அது காய்ந்து முடிவதற்குள் பிள்ளை ஒரு அளவு வளர்ந்துவிடும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காயவைத்தார்கள், புகை மணத்தோடு ஒன்று நன்றாகவே வந்தது.

உங்களுக்கு ஒன்று தெரியுமா, தாய்மாரிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்னது நாற்காலியும் இல்லை, காசும் இல்லை. றப்பர் ஷீட்டும் பழைய பருத்தித் துணியும். பத்து வயதுப் பிள்ளை படுக்கையில் ஒன்றுக்குப் போனால் எத்தனை துணி, தண்ணிப் பீலியில் போய் அலசவேண்டும், ஜூன் ஜூலை மழையில் அது எங்கே காயும்? பெரிய பிள்ளைக்கான பம்பர்ஸ் வாங்கினால் ஒரு பேரில் பாதி அதற்கே போய்விடும். கணக்கில் "துணி" என்று போட்டிருப்பது இதுதான்.

படம் போடாததற்குக் காரணம் எளிது, போடமாட்டோம். பதினான்கு வயதுப் பெண்பிள்ளை வாயில் எச்சில் வடிய இருக்கிற படத்தை யாரோ பார்த்து இரக்கப்பட்டுக் காசு தருவதைவிட, காசு வராமலே போகட்டும். அந்தப் பிள்ளையின் தங்கச்சி நாளைக்கு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போவாள், யாராவது ஃபோனில் அதைக் காட்டுவார்கள். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கிளினிக் கொப்பிகளின் திகதியையும் பஸ் டிக்கட்டுகளையும் வந்து பாருங்கள், எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

அரசாங்கத்தின் வேலை என்று சொன்னீர்கள். நூற்றுக்கு நூறு சரி. இயலாமையுள்ளவர்களின் உரிமைக்கென்று 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இது நாலு குடும்பத்தின் தலைவிதியும் இல்லை, 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேர், அதாவது பதினாறு இலட்சம் பேர், ஏதோ ஒரு இயலாமை இருப்பதாகச் சொன்னார்கள். அதில் கண் மங்கிய வயதானவர்களும் அடக்கம், ஆனாலும் பெரிய எண்ணிக்கைதான். மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7500இலிருந்து 10,000 ரூபாயாகக் கூட்டினார்கள், நல்ல விஷயம். அதை எடுக்கப் போய்ப் பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் கடிதம், டொக்டரிடம் சான்று, சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பம், வங்கிக் கணக்கு. பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, ஒன்று சிங்களத்தில் எழுதும்போது மாறியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேர். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கேயே ஒரு மாதம் கிடக்கும். எங்கள் செலவில் ஒரு பகுதி, அரசாங்கம் கொடுக்கவேண்டிய காசை எடுக்கிற செலவுதான். அதற்காக எனக்கும் கோபம் இருக்கிறது, ஆனால் அந்தக் கோபம் தீரும்வரை பிள்ளைக்குக் குளிசை நிற்க முடியாது. பிரதேச செயலகத்தில் நல்ல உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும், ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்துக்கே விண்ணப்பங்களோடு வந்து நிரப்பிக் கொடுத்தார்.

புயல் வருஷத்தில் இது சரியா என்று கேட்டீர்கள், அதை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலையே சரிந்தது, நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியதைப் பார்த்த சனத்துக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை என்றாலே வயிறு கலங்கும். இறங்கச் சொன்னதும் எல்லோரும் இறங்கினார்கள். படுக்கையில் இருக்கிற பிள்ளை எப்படி இறங்கும்? கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. ஆனால் எந்த லயத்தில் எந்தக் காம்பிராவில் தூக்கவேண்டிய பிள்ளை இருக்கிறது என்பது அந்தத் தாய்மாருக்கு மனப்பாடம், மாதா மாதம் சேர்ந்து பணிஸ் சாப்பிட்டவர்கள் அல்லவா. ஒருத்தி தன் மகனை இறக்கிவிட்டு, தூக்கிவந்த பையன்களை அடுத்த லயத்துக்குத் திருப்பி அனுப்பினாள். படங்கின் நாலு மூலையையும் பிடித்து, அதில் பிள்ளையைப் படுக்கவைத்து, சேற்றில் இறக்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. முகாம் என்பது பள்ளிக்கூடம். நிவாரணமாக அரிசி வந்தது, பருப்பு வந்தது, சோறு கட்டியாக வந்தது, மசித்துக் கொடுக்க ஒரு பாத்திரம் இல்லை. ஒரு பையனுக்கு ஓட்டிசம், சனமும் சத்தமும் தாங்காமல் இரவெல்லாம் கத்தினான். பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, வீடு போனவர்கள், இரண்டு நாளாகத் தூங்காதவர்கள். மூன்றாம் நாள் அந்தக் குடும்பம் யாருக்கும் சொல்லாமல் திரும்பி லயத்துக்கே போய்விட்டது, சிவப்பு எச்சரிக்கை இன்னும் இருக்கும்போதே. மலை விழுந்தால் விழட்டும், நாலு பேர் முகம் சுளிக்கிறதைப் பார்க்க முடியாது என்றாள் அந்தப் பையனின் அம்மா. அதிபரிடம் பேசி நூலக அறையைத் திறந்து, அந்தக் குடும்பத்தையும் இன்னும் இப்படிப் பிள்ளை உள்ள வீடுகளையும் அங்கே மாற்றியதற்குப் பிறகுதான் திரும்ப வந்தார்கள். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணி புகாத ஒரு பை கொடுத்திருக்கிறோம். கொப்பியின் பிரதி, ஒரு கிழமைக் குளிசை, றப்பர் ஷீட், கரண்டி, மசிக்க ஒரு கிண்ணம், பிள்ளைக்கு என்ன செய்தால் பயம் போகும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு அட்டை. அதுவும் சில்லறைச் செலவில்தான் வருகிறது.

சரி, உங்கள் அம்மாவின் திதி. பத்து நாற்காலி வாங்கி அனுப்பவேண்டாம். ரோட்டை ஒட்டிய லயங்களில் நாற்காலி உருளக்கூடிய வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்ய நீங்கள் உதவினால் நன்றாக இருக்கும், ஒன்றுக்கு ஆகும் காசு கடையில் இருக்கிறதைவிடக் கூட, அதனால் எண்ணிக்கை குறையும். மிச்சத்தைப் பார்த்துக்கொள்பவருக்கான வரியில் போடலாம், அந்த அக்காவுக்குச் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை. விழா வேண்டாம். ஆனால் திதிக்கு ஒரு சாப்பாடு கொடுக்க ஆசைப்பட்டால், தாய்மார் கூட்டத்து ஞாயிற்றுக்கிழமையில் வந்து கொடுங்கள், அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை நீங்களே பேசுங்கள், அந்தத் தோட்டத்தில் அவரைத் தெரிந்த கிழவிகள் இன்னும் இருப்பார்கள். காசைவிட எங்களுக்கு இன்னொன்று அவசரமாகத் தேவை. கண்டிப் பக்கம் சிங்களம் நன்றாகப் பேசுகிற, நேரம் உள்ள சொந்தக்காரர் யாராவது உங்களுக்கு இருந்தால், கிளினிக் நாட்களில் பேராதனையில் தாய்மாரோடு நிற்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

திதி எந்த மாதம் என்று எழுதவில்லை. அளவெடுக்கிறவர் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மே கடைசியில் மழை தொடங்கிவிட்டால் மேல் டிவிசன் ரோட்டில் அவருடைய வேன் ஏறாது. அதற்கு முதல் ஒரு ஃபோன் போடுங்கள்.

அன்புடன்,
டீச்சர்